எட்டாவது ஆள்

எட்டாவது ஆளின் கால் அளவு நிரப்பப்பட்டிருந்தது.

அவள் அதை நிரப்பவில்லை. அச்சுப்பொறியிலிருந்து வந்து சூடு ஆறாத தாளை ஜன்னல் பக்கம் திருப்பி, மதிய வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். முதல் ஏழு வரிகளும் அவள் தட்டச்சு செய்தவை: பெயர், பிறந்த தேதி, எடை, உயரம், கால் அளவு. எட்டாவது வரியில் பெயருக்குப் பதில் ஒரு நட்சத்திரக் குறி. பிறந்த தேதி இல்லாமல் கணினி மேலே போக விடாது என்பதால் ஏதோ ஒரு தேதி. மற்ற கட்டங்கள் காலியாக இருக்க வேண்டும். கால் அளவுக் கட்டத்தில் மட்டும் ஓர் எண் இருந்தது. பதினேழு சென்டிமீட்டர்.

கையை விரித்து மேசைமேல் வைத்துப் பார்த்தாள். மணிக்கட்டிலிருந்து நடுவிரல் நுனிவரை அவ்வளவுதான் இருக்கும்.

"ரயிலக்கா, இந்தத் தாளை நீங்க தொட்டீங்களா?"

அடுத்த மேசைக்காரிக்கு ரயில் டிக்கெட் எடுப்பதுதான் வேலை. பதினெட்டு வருடமாக அதே நாற்காலி. அவளுடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது.

"நான் எதுக்குடி தொடப்போறேன்? என் வெயிட்டிங் லிஸ்ட்டே தலைக்கு மேல கிடக்கு."

"எட்டாவதுக்குக் கால் அளவு வந்திருக்கு."

"அடப்பாவமே. ஒப்புக்குச் சப்பாணிக்குக் கால் முளைச்சிடுச்சா?"

ரயிலக்கா தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துவிட்டுத் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டாள். கேட்டவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த அலுவலகம் ஆட்களை மலைக்கும் கடலுக்கும் அனுப்பிவைத்தது. மூன்றாம் மாடியில் இரண்டு அறை. சுவரில் பெரிய வரைபடம். அதில் மலை சரிந்து நேரே கடலுக்குள் இறங்கும் இடத்தில் ஒரு நகரம். இந்த முறை ஏழு பேர் அங்கே போகிறார்கள். முதல் நாள் துடுப்புப் படகில் கடற்குகைக்குள் போய்த் திரும்ப வேண்டும். இரண்டாம் நாள் பாறை முகட்டிலிருந்து கயிற்றில் இறக்கம். மூன்றாம் நாள் மலையுச்சியில் கூடாரம். கல்லூரித் தேர்வு முடிந்த ஏழு பேர். ஏழாவது வரி, அவளுடைய மகள்.

படகுகள் இருவர் உட்காருபவை. கயிறு கட்டுவதும் இரண்டிரண்டு பேராகத்தான். ஒற்றைப்படையில் ஆள் அனுப்பினால் கணினி ஏற்காது. அதனால் இல்லாத ஒருவரைக் கடைசியில் சேர்த்து, நட்சத்திரம் போட்டு அனுப்புவது இந்தத் தொழிலில் எல்லோரும் செய்வது. பிள்ளைகளின் விளையாட்டில் பெயருக்குச் சேர்த்துக்கொள்ளும் சின்னப் பையனைப் போல. அலுவலகத்திலும் அந்த ஆளுக்கு ஒப்புக்குச் சப்பாணி என்றுதான் பெயர். அந்த நகரத்தில் படகு விடுபவர்களுக்கும் இது தெரியும். நட்சத்திரம் போட்ட ஆளை எண்ண மாட்டார்கள். அவனுக்காகக் காத்திருக்க மாட்டார்கள். தேட மாட்டார்கள். படகில் அந்த இடத்தில் அவர்களுடைய ஆள் ஒருவர் உட்கார்ந்துகொள்வார்.

திரையில் கால் அளவை அழித்தாள். அழிக்கும்போதுதான் அதே வரியிலிருந்த பிறந்த தேதி கண்ணில் பட்டது.

வழக்கமாக ஜனவரி ஒன்று என்று போடுவாள். இது மார்ச் பதினொன்று. வருடம், அவள் பிறந்ததற்கு நான்கு வருடம் கழித்து.

அதை அவளேதான் அடித்திருக்கிறாள். நிமிர்ந்து பார்க்காமல், விரல் போன போக்கில். முப்பத்தைந்து வருடமாக வாய்விட்டுச் சொல்லாத தேதி.

*

இரண்டு நாள் கழித்துப் பாதுகாப்புப் படிவம் திரும்பி வந்தது. பயணிகள் ஒவ்வொருவரும் தங்கள் கைபேசியிலேயே நிரப்பி அனுப்புவது. ஏழு பேருக்கு ஏழு படிவம் வரவேண்டும். எட்டு வந்திருந்தது.

ரயிலக்கா சாப்பிடப் போயிருந்தாள். மேலே மின்விசிறி சுற்றச் சுற்ற, மேசையில் கிடந்த தாள்களின் ஓரம் எழும்பி எழும்பிப் படிந்தது. அறையில் பழைய சுவர்ப்பூச்சின் வாடையோடு ஈரமான ரப்பரின் வாடையும் இருந்தது. எங்கிருந்து வருகிறதென்று தெரியவில்லை. பிரிட்ஜ் கதவின் உள்விளிம்பில் முகத்தை வைத்தால் வருமே, அந்த வாடை. அலுவலகத்தில் பிரிட்ஜ் கிடையாது.

எட்டாவது படிவத்தைத் திறந்தாள்.

உயரம், மூன்றரை அடி. எடை, பதினெட்டு கிலோ. நீச்சல் தெரியுமா, தெரியாது. அவசரத்துக்கு யாரை அழைப்பது, அக்கா. அதன் கீழே அவளுடைய எண்.

மூடிய, இருட்டான இடத்தில் பயம் உண்டா என்பது கடைசிக் கேள்வி. குகைக்காகக் கேட்பது. மற்ற ஏழு பேரும் இல்லை என்ற இடத்தில் தொட்டிருந்தார்கள். எட்டாவது ஆள் எழுத்தில் பதில் சொல்லியிருந்தான்.

பழகிடுச்சு.

அந்த நகரத்தில் படகும் கயிறும் பார்த்துக்கொள்ளும் மனிதரை அழைத்தாள். அவளுடைய கைபேசியில் அவர் பெயர் கயிற்றுக்காரர். இருபது வருட அனுபவம், எப்போதும் காற்றுக்கு எதிரே நின்று கத்துவது போன்ற பேச்சு.

"சொல்லுங்க மேடம், எல்லாம் தயார்."

"எட்டாவது வரியில நட்சத்திரம் இருக்கில்ல?"

"இருக்கு. இதைக்கூடவா கேக்கணும்?"

"அப்படி ஒரு ஆளே கிடையாது. பாத்துக்குங்க."

"தெரியும் மேடம். ஆனா சின்ன லைஃப் ஜாக்கெட் ஒண்ணு வேணும்னு கேட்டிருந்தீங்களே, எடுத்து வெச்சுட்டேன்."

"நான் கேக்கல."

"உங்க ஆபீஸ் நம்பர்ல இருந்துதான் வந்துச்சு. பொடிசுக் குரல். உங்க வீட்டுப் பிள்ளை போனை எடுத்து விளையாடுதுன்னு நெனச்சேன். நல்லா அழகாப் பேசுது." அவர் சிரித்தார். "கேட்டுச்சே, குகைக்குள்ள தேடுறதுக்கு யாராவது வருவாங்களான்னு."

அவள் திரையிலிருந்த எட்டாவது படிவத்தை மூடினாள்.

"மேடம்? அங்க யாரோ மேசையைத் தட்டுறாங்க போல. சரியாக் கேக்கல."

யாரும் தட்டவில்லை. அறையில் அவள் மட்டும்தான் இருந்தாள்.

*

வீட்டில் அவளும் மகளும் மட்டும். மாலை வெளிச்சம் கூடத்துத் தரையில் நீளமாகக் கிடந்தது. மகள் நாற்காலிக் காலில் கயிற்றைக் கட்டி முடிச்சுப் போட்டுப் பழகிக்கொண்டிருந்தாள். புதுக் கயிற்றின் நெடி. திறந்து கிடந்த முதுகுப்பையில் காலுறை, டார்ச், சிவப்புத் தொப்பி.

"அம்மா, சின்ன வயசுல நீ கண்ணாமூச்சி ஆடுவியா?"

"ஏன்?"

"ஒரு மெசேஜ் வந்துச்சு. குகையில கண்ணாமூச்சி ஆடலாமான்னு. உங்க ஆபீஸ் நம்பர். ரயிலக்காவா? இந்த வயசுல அவங்களுக்குக் குறும்பைப் பாரேன்."

"காட்டு."

மகள் கைபேசியைத் தேடினாள். செய்தி இல்லை. "அழிஞ்சிடுச்சு போல," என்று மறுபடி முடிச்சில் குனிந்துவிட்டாள்.

அப்போதுதான் சமையலறையில் சத்தம் கேட்டது. டொக். பெரிதாக ஒன்றுமில்லை. பிரிட்ஜ் நின்று மறுபடி ஓடத் தொடங்கும்போது உள்ளே எதுவோ அசையுமே, அந்த மாதிரி. அவள் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தெருவில் ஒரு வண்டி போனது. மேல்வீட்டில் யாரோ குழாயைத் திறந்து மூடினார்கள். மகள் கயிற்றை இழுத்து இறுக்க, நாற்காலி கிறீச்சிட்டது.

டொக்.

நீண்ட இடைவெளி.

டொக்.

விரல் முட்டியால் தட்டுவது. சின்ன விரல்.

எழுந்து போனாள். சமையலறையில் விளக்குப் போடாமலே எல்லாம் தெரிந்தது. பிரிட்ஜுக்குப் பக்கத்தில் தரையில் அதன் கம்பித் தட்டுகள் மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாக, விளிம்பு பிசகாமல் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. தட்டுகளில் இருந்த பால், தக்காளி, முட்டை எல்லாம் சுவரோரம் வரிசையாக.

"இதை வெளிய எடுத்தியா?"

"எதைம்மா?"

கதவைத் திறந்தாள். மஞ்சள் வெளிச்சம். குளிர். உள்ளே வெறுமை. முட்டியை மடக்கிக்கொண்டால் ஒருவர் உட்காரும் அளவுக்கு வெறுமை. உள்சுவரில் அவள் இடுப்புயரத்தில், ஈரத்தின் மேல், ஒரு சின்ன உள்ளங்கை பதிந்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது நீராகி வழிந்தது.

*

அப்போது அவளுக்குப் பத்து வயது. தம்பிக்கு ஆறு.

தெருப் பிள்ளைகள் எட்டுப் பேர். தம்பி ஒப்புக்குச் சப்பாணி. அவனைப் பிடித்தாலும் ஆட்டம் இழக்க மாட்டான், பிடிக்காவிட்டாலும் ஜெயிக்க மாட்டான். அதனால் அவனை யாரும் தேடுவதில்லை. அதை அவனிடம் யாரும் சொன்னதில்லை. ஒவ்வொரு முறையும் மூச்சை அடக்கிக்கொண்டு ஒளிந்திருப்பான். ஆட்டம் முடிந்தபிறகு தானாக வெளியே வந்து, "என்னைக் கண்டுபிடிக்கவே முடியலல்ல?" என்பான்.

"அக்கா, ஒரே ஒரு தடவை நான் கண்ணைப் பொத்திக்கிறேன்."

"நீ விரல் இடுக்குல பாப்ப. போ, போய் ஒளி."

அன்றைக்கு அவள்தான் எண்ணினாள். நூறுவரை. ஆறு பேரைக் கண்டுபிடித்தாள். ஆறோடு ஆட்டம் முடிந்தது. எல்லோரும் சாப்பிடப் போனார்கள். தெருமுனையில் பிரிட்ஜ் பழுது பார்க்கும் கடையின் பின்சுவரோரம் நடந்து போகும்போது டொக் டொக் என்று சத்தம் கேட்டது. கடைக்காரர் வேலை செய்கிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

கடைக்கு அன்று விடுமுறை.

அது சாயங்காலம் அம்மா தம்பியைக் கேட்டபோதுதான் உறைத்தது. உறைத்தும் சொல்லவில்லை. தம்பியை விட்டுவிட்டு வந்ததற்கு அடி விழும் என்ற பயம். மறுநாள் காலை கடைக்காரர் வந்து திறந்தார். கடையின் பின்முற்றத்தில், உள்ளிருந்து திறக்க முடியாத பழைய பிரிட்ஜ்களில் ஒன்றுக்கு வெளியே, கம்பித் தட்டுகள் மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாக அழகாக அடுக்கியிருந்தன. எதையும் கலைத்துப் போட்டால் அவனுக்குப் பிடிக்காது.

அந்தச் சத்தத்தை அவள் கேட்டாள் என்பது அம்மாவுக்குத் தெரியாது. கட்டியவனுக்கும் தெரியாமலே போய்விட்டது. மகளுக்கு அப்படி ஒரு மாமா இருந்ததே தெரியாது.

*

"இந்தத் தடவை வேண்டாம்டி," என்றாள். கிளம்புவதற்கு முந்தின நாள். மகள் சிவப்புத் தொப்பியைப் போட்டுக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன வேண்டாம்?"

"கடல் சரியில்லையாம்."

மகள் கைபேசியை நீட்டினாள். மூன்று நாளும் தெளிந்த வானம், அடங்கிய அலை. "ஊர்ல இருக்கற எல்லாரையும் நீதான் மலை ஏத்தி அனுப்பற. என்னை மட்டும் மடியில போட்டுத் தாலாட்டணுமா? உண்மையான காரணத்தைச் சொல்லு, போகல."

சொல்லலாம். ஒரே வாக்கியம். தம்பி தட்டினது கேட்டும் யார்கிட்டயும் சொல்லல என்று. மகள் தலையைச் சாய்த்துக் காத்திருந்தாள். கூடத்தில் கடிகாரம் ஓடியது. அவள் வாயைத் திறந்தாள்.

"சன்ஸ்கிரீன் எடுத்துக்கிட்டியா?" என்றாள்.

மகளை ரயிலேற்றிவிட்டு வந்து கயிற்றுக்காரரை அழைத்தாள். இந்த முறை தன் தொழில் தெரிந்தவளாகப் பேசினாள். ஒவ்வொரு சொல்லாக.

"ஏழு பேர். ஏழே பேர். நட்சத்திரத்தை எண்ணாதீங்க. யார் வந்து எட்டாவது ஆள்னு சொன்னாலும் சேர்க்காதீங்க. குகையில இருந்து ஏழு தலை வெளிய வந்தா முடிஞ்சுது. எழுதிக்கிட்டீங்களா?"

"எழுதிக்கிட்டேன் மேடம். ஏழு. நீங்க நிம்மதியா இருங்க."

அதையே மின்னஞ்சலிலும் அனுப்பினாள். ஏழு என்ற எண்ணைத் தடித்த எழுத்தில் போட்டாள். அன்றைக்குத்தான் கொஞ்சம் தூங்கினாள்.

*

முதல் நாள், நண்பகல். ரயிலக்கா விடுப்பு. ஜன்னலுக்கு வெளியே வெயில் வெள்ளையாக நின்றது. பதினொன்றரைக்கு மகள் ஒரு படம் அனுப்பியிருந்தாள்: லைஃப் ஜாக்கெட், சிவப்புத் தொப்பி, பின்னால் கடலுக்குள் இறங்கும் கறுப்பு மலை, மலையின் அடியில் குகையின் வாய். அடுத்து ஒரு வரி. என் படகுக்கு ஒரு குட்டித் துணை கிடைச்சிருக்கு, செம க்யூட்.

மூன்று முறை படித்தாள். மகளை அழைத்தாள். மணி போகவில்லை. கயிற்றுக்காரரை அழைத்தாள்.

"மேடம், இப்பதான் உள்ள போனாங்க. குகையில சிக்னல் இருக்காது. நான் எதிர்க்கரையில பாறைமேல நிக்கறேன், வர்றது இங்க இருந்து தெரியும்."

"படகுல என் பொண்ணோட யாரு?"

"அந்தச் சின்னப் பையன்தான். நீங்க அனுப்பினதுன்னு சொன்னான்."

"சேர்க்காதீங்கன்னு சொன்னேனே!"

"எண்ணாதீங்கன்னுதானே முக்கியமாச் சொன்னீங்க? எண்ணல மேடம். நாலாவது படகுல எங்க ஆள் உக்கார வேண்டிய இடம். பையன் ஏறி உக்காந்துட்டான். ஜாக்கெட் கரெக்டா இருந்துச்சு."

"திருப்பிக் கூப்பிடுங்க. இப்பவே."

"உள்ள போன பிறகு எப்படிக் கூப்பிடறது? இருபது நிமிஷம். கட் பண்ணாதீங்க, வந்ததும் சொல்றேன்."

காதில் காற்று. அலை. தூரத்தில் பறவைகள். அவள் எழுந்து நின்றாள். உட்கார்ந்தாள். மின்விசிறியை நிறுத்தினாள். அறையில் ரப்பர் வாடை ஏறிக்கொண்டே வந்தது. தொண்டைவரை.

பத்து நிமிடம்.

பதினைந்து.

வியர்வையில் கைபேசி கன்னத்தோடு ஒட்டியிருந்தது.

"வர்றாங்க மேடம். முதல் படகு. ஒண்ணு, ரெண்டு."

மூச்சு விட்டாள்.

"ரெண்டாவது. மூணு, நாலு. மூணாவது படகு. அஞ்சு, ஆறு."

காற்று.

"நாலாவது?" என்றாள்.

"பொறுங்க. கொஞ்சம் பின்தங்கிடுச்சு. ஆ, வருது. வெளிய வருது." அவர் குரலில் திருப்தி. "ஏழு. சரியா இருக்கு மேடம்."

"எட்டுப் பேர் உள்ள போனாங்க."

"பட்டியல் ஏழுதானே? நீங்க எழுதிக்கச் சொன்னது. ஏழு தலை வெளிய வந்தா முடிஞ்சுதுன்னு."

"அந்தப் படகுல யாரு? சிவப்புத் தொப்பி இருக்கா? பாருங்க!"

"வெயில் கண்ணைக் குத்துது, சரியாத் தெரியல. இருங்க, போட்டோ எடுத்திருக்கேன், அனுப்பறேன். எல்லாரும் சிரிக்கறாங்க."

"உள்ள போய்த் தேடுங்க."

"யாரை மேடம்?"

"தேடுங்க!"

"வராதது நட்சத்திரம் போட்ட ஆளுதானே?" பொறுமையாகச் சொன்னார். "அந்த ஆளை நாங்க தேடறதில்ல."

அவர் சொல்வதற்குப் பின்னால் காற்று ஓய்ந்திருந்தது. அலையும் ஓய்ந்திருந்தது. அந்த அமைதிக்குள், எங்கோ ஆழத்தில், கல்லில் கை மோதும் சத்தம்.

டொக்.

டொக்.

"தண்ணி பாறையில அடிக்குது," என்றார் கயிற்றுக்காரர்.

கைபேசி அதிர்ந்தது. படம் வந்திருந்தது.

முன்னால் மூன்று படகுகள். ஆறு முகங்கள், நனைந்த தலைமுடி, கேமராவைப் பார்த்துச் சிரிப்பு. யாரும் திரும்பிப் பார்த்திருக்கவில்லை. அவர்களுக்குப் பின்னால், குகையின் இருட்டிலிருந்து பாதி வெளியே வந்த நிலையில் நான்காவது படகு. பின் இருக்கை காலி. இருக்கையின் மேல் சிவப்புத் தொப்பி. துடுப்புகள் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக, விளிம்பு பிசகாமல் வைக்கப்பட்டிருந்தன.

முன் இருக்கையில் ஒரு சின்னப் பையன் குகையைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தான். இரண்டு கைகளாலும் கண்களைப் பொத்தியிருந்தான். விரல்களுக்கிடையில் இடுக்கே இல்லை. எண்ணிக்கொண்டிருந்தான்.